பிரேக் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு

என் வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் நிர்வாகத்துக்கும், கோளாறுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்கிற ரீகால் வேலையைக் கவனிக்கிற பிரிவுக்கும், முடிந்தால், மிதிக்கிற காலின் பலத்தைப் பெருக்கித் தருகிற அந்த பிரேக் பூஸ்டரை வடிவமைத்த பொறியாளர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் உங்கள் சர்வீஸ் சென்டரில் எனக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். ரீகால் பரிசோதனை முடிந்தது, கோளாறு எதுவும் தென்படவில்லை, மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது. மூன்றே வரி, கீழே ஒரு முத்திரை. அந்தத் தாள் என் கைக்கு வந்த பதினோராவது நாள் பிரேக் பெடல் மறுபடியும் இறுகியது. பின் சீட்டில் என் அக்காவும் அவளுடைய பையனும் இருந்தார்கள்.

முதலிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கம்ப்யூட்டரில் என் வண்டியைப் பற்றி "பெடல் சற்றுக் கடினம் என்கிறார் வாடிக்கையாளர்" என்று மட்டும்தான் பதிவாகியிருக்கிறது. நடந்தது அது இல்லை. முதல் தடவை, மேம்பாலத்திலிருந்து இறங்கி சிக்னலை நோக்கி வந்துகொண்டிருந்தேன், வேகம் 50 கிலோமீட்டர் இருக்கும், முன்னால் நாலைந்து வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. வழக்கம்போல பிரேக்கில் கால் வைத்தேன். பெடல் ஒரு விரற்கடை இறங்கியது, அதற்கப்புறம் மரக்கட்டையை மிதித்த மாதிரி நின்றுவிட்டது. டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கும் மஞ்சள் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் ஒன்றாக எரிந்தன. கால் தானாகவே ஒருமுறை பெடலிலிருந்து எழுந்து மறுபடி மிதித்தது, பலனில்லை. பிறகு இரண்டு காலையும் வைத்து, முதுகை சீட்டில் அழுத்தி, உடம்பின் மொத்த பலத்தையும் போட்டு மிதித்தேன். முன்னால் நின்ற வண்டிக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் குறுக்கே போக முடியாத அளவு இடைவெளியில் வண்டி நின்றது. இன்ஜினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தேன். விளக்குகள் எதுவும் இல்லை. பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. எல்லாம் சரியாக இருந்தது.

அன்றைக்கே உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு எரர் கோடு, அதாவது வண்டி தானே பதிந்துவைக்கிற கோளாறுக் குறியீடு, எதுவும் இல்லை என்றார்கள். தரைவிரிப்பு பெடலுக்குக் கீழே மாட்டியிருக்கலாம் என்றார்கள். விரிப்பு மாட்டினால் இரண்டு எச்சரிக்கை விளக்குகள் எப்படி எரியும் என்று கேட்டேன், பதில் வரவில்லை.

நாலு மாதம் கழித்து உங்கள் ரீகால் கடிதம் வந்தது. என் சேஸிஸ் நம்பர் அதில் இருந்தது. பூஸ்டரை இயக்குகிற சின்னக் கணினியான கட்டுப்பாட்டு அலகில் மின் இணைப்பு ஒன்று சில சமயம் விட்டுப்போகலாம், அப்படி ஆனால் பிரேக் உதவி திடீரென்று நின்று பெடலைக் கூடுதல் பலத்தோடு மிதிக்க வேண்டிவரும், விபத்து ஆபத்து அதிகரிக்கும் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, பெரிய நிம்மதிதான் வந்தது. எனக்கு நடந்தது கற்பனை இல்லை, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, சரிசெய்ய ஒரு வழியும் இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆனால் கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு நிபந்தனை இருந்தது. அதை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை. "வாகனம் பரிசோதிக்கப்படும். கட்டுப்பாட்டு அலகில் குறிப்பிட்ட கோளாறு பதிவாகியிருந்தால் பூஸ்டர் மாற்றித் தரப்படும். இல்லையெனில் மென்பொருள் மட்டும் புதுப்பிக்கப்படும்." இந்த மடலே அந்த நிபந்தனையைப் பற்றித்தான். அதை நீக்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

விட்டு விட்டு வரும் காய்ச்சல் வீட்டில் யாருக்காவது வந்திருந்தால் தெரியும். ராத்திரியெல்லாம் அனலாய்க் கொதித்த உடம்பு, காலையில் டாக்டர் முன்னால் உட்காரும்போது ஜில்லென்று இருக்கும். அதற்காக எந்த டாக்டரும் உங்களுக்குக் காய்ச்சலே இல்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்புவதில்லை. எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, குளிர் நடுக்கம் இருந்ததா என்று கேட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார். என் வண்டி விஷயத்தில் நீங்கள் கேட்ட ஒரே கேள்வி, இப்போது கொதிக்கிறதா என்பதுதான்.

உங்கள் பொறியாளர்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும், இருந்தாலும் நிர்வாகத்தில் இருப்பவர்கள் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். மின்பலகையில் ஒரு பற்றவைப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் அது எப்போதும் விலகியே இருக்காது. இன்ஜின் பக்கத்துச் சூட்டில் பலகையும் உலோகமும் வெவ்வேறு அளவில் விரிவதால் விரிசல் வாய் திறக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும். ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் திறக்கும், அடுத்த குலுக்கலில் ஒட்டிக்கொள்ளும். கனெக்டர் பின்னில் பச்சை பிடித்திருந்தாலும் இதே கதைதான், வயர் எங்காவது உரசித் தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். மெக்கானிக் மீட்டரை வைத்துப் பார்க்கிற நேரத்தில் இணைப்பு முழுதாக இருக்கும். இப்போது உங்கள் பரிசோதனையை நினைத்துப் பாருங்கள். முந்தின நாள் சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறீர்கள். ராத்திரி முழுக்க அது ஆறிக் கிடக்கிறது. காலையில் ஒருவர் தனியாக ஏறி, சமமான ரோட்டில் நாலு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பி வருகிறார். எனக்கு நடந்த நான்கு தடவையும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நெரிசலில் ஓட்டியபிறகுதான் நடந்தது. இதை ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன். இடம் இல்லை என்று "பெடல் கடினம்" என்று மட்டும் எழுதினார்கள்.

சரி, கோடு பதிவாகியிருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். கட்டாயம் இல்லை. பல கட்டுப்பாட்டு அலகுகளில் கோளாறு ஒரு குறிப்பிட்ட நேரம் நீடித்தால்தான், அல்லது அடுத்தடுத்த ஓட்டங்களில் திரும்ப வந்தால்தான் உறுதியான கோடாகப் பதிவாகும். பதிவானதும்கூட, அதற்குப்பின் கோளாறு இல்லாமல் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வண்டி ஓடிவிட்டால் தானாக அழிந்துவிடும். இன்னொரு விஷயத்தைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். விட்டுப்போகிற இணைப்பு அந்த அலகுக்கே மின்சாரம் கொண்டுவருகிற இணைப்பாக இருந்தால், கோளாறை எழுதிவைக்க வேண்டிய அலகே அந்த நேரத்தில் செத்துக் கிடக்கும். நாட்குறிப்பு எழுதுகிறவர் மயங்கி விழுந்த நேரத்துக்கு நாட்குறிப்பில் என்ன இருக்கும்? அப்போது வண்டியின் மற்ற அலகுகளில்தான் தேட வேண்டும். பேசிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று மௌனமானதை மற்றவர்கள் கவனித்திருப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி, யூ 0121 (ஏபிஎஸ் அலகோடு தொடர்பு இல்லை) போல யூ-வில் தொடங்கும் தொடர்பு அறுந்த கோடுகள் இன்ஜின் அலகிலோ மீட்டர் அலகிலோ கிடக்கலாம். அவற்றையும் பாருங்கள் என்று உங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டேன். ரீகால் குறிப்பில் பூஸ்டர் அலகை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறது, வேறு எதையும் தொடக்கூடாது என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உங்கள் குறிப்பில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவர் செய்ய முடியும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. மென்பொருளைப் புதுப்பித்தார்கள். அப்படிப் புதுப்பிக்கும்போது பழைய கோடுகள் எல்லாம் அழிக்கப்பட்டன. அதாவது, வண்டியில் எங்காவது ஒரு சாட்சி மிச்சம் இருந்திருந்தால் அதையும் உங்கள் தீர்வே துடைத்துவிட்டது. புதுப்பிப்பதற்கு முன்னால் எல்லா அலகுகளின் பதிவுகளையும் பிரின்ட் எடுத்துத் தாருங்கள் என்று கேட்டிருந்தேன். கோடு பதிவான கணத்தில் வேகம் எவ்வளவு, பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு என்றெல்லாம் உறைந்து நிற்கிற தகவலோடு சேர்த்துக் கேட்டேன். அது கம்பெனி தகவல், வாடிக்கையாளருக்குத் தருவதில்லை என்றார்கள். என் வண்டி, என் காலுக்குக் கீழே இறுகிய பெடல், ஆனால் தகவல் மட்டும் என்னுடையது இல்லை.

உங்கள் மேலாளர் ஒருவர் தொலைபேசியில் பொறுமையாகத்தான் பேசினார். ஒரு வார்த்தை சொன்னார், அதற்கு இங்கே பதில் சொல்லியே ஆக வேண்டும். "பிரேக் போய்விடவில்லையே சார், உதவிதான் நிற்கிறது, பலமாக மிதித்தால் வண்டி நின்றுவிடும்" என்றார். தொழில்நுட்பப்படி அது சரிதான். பூஸ்டர் நின்றாலும் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது, ஆயில் இருக்கிறது, காலிலிருந்து சக்கரத்துக்குப் பாதை இருக்கிறது. ஆனால் எவ்வளவு பலம், எவ்வளவு தூரம்? பல நாடுகள் பின்பற்றுகிற ஐ.நா. ஒழுங்குமுறை 13-எச் என்ற கார் பிரேக் விதியில் இதற்கு எண் இருக்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் சாதாரண நிலையில் அதிகபட்சம் 70 மீட்டருக்குள் நிற்க வேண்டும். பிரேக் உதவி செயலிழந்த நிலையில், பெடலில் 500 நியூட்டன் வரை, அதாவது ஏறத்தாழ 50 கிலோ எடையை ஒற்றைக் காலில் வைத்த மாதிரி அழுத்தி, 168 மீட்டருக்குள் நின்றால் போதும். அந்த விதியில் உள்ள சூத்திரத்தை 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டுப் பார்த்தேன். 28 மீட்டருக்குப் பதில் 63 மீட்டர் வருகிறது. இத்தனைக்கும் 70 மீட்டர் என்பது விதி கேட்கிற குறைந்தபட்சத் தகுதிதான், இன்றைய கார்கள் அதே 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நல்ல ரோட்டில் 40 மீட்டர் அருகிலேயே நின்றுவிடுகின்றன. நம் கண்ணும் காலும் அந்தத் தூரத்துக்குத்தான் பழகியிருக்கின்றன.

அந்த 168 மீட்டரும் ஓட்டுபவர் முதல் நொடியிலேயே முழு பலத்தோடு மிதித்தால்தான். பெடல் திடீரென்று இறுகினால் மனித உடம்பு அப்படிச் செய்யாது, காலை எடுத்து மறுபடி வைக்கும். எனக்கு அதுதான் நடந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி என்றால் கிட்டத்தட்ட 17 மீட்டர். என் அக்கா ஒல்லியான உடல்வாகு, முழங்கால் வலி உள்ளவள், வாரத்தில் மூன்று நாள் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். பூஸ்டரை அணைத்துவிட்டு பெடலை மிதித்துப் பார் என்று நின்ற வண்டியில் ஒருமுறை உட்கார வைத்தேன். இரண்டு மூன்று தடவை முயன்றாள். இறங்கி வந்து, இனிமேல் எனக்கு இந்தச் சாவி வேண்டாம் என்றாள். பலமாக மிதித்தால் நின்றுவிடும் என்று சொல்வதற்கு முன்னால், யாருடைய பலம் என்று தயவுசெய்து யோசியுங்கள்.

இதெல்லாம் உங்கள் துறைக்குப் புதிதும் இல்லை. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இக்னிஷன் சுவிட்சுக்காக உலகம் முழுக்க சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சாவி ஆன் நிலையிலிருந்து நழுவிவிடும், இன்ஜின் அணையும், பவர் ஸ்டீயரிங் போகும், பிரேக் உதவி போகும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது. மறுபடி சாவியைத் திருப்பினால் வண்டி ஒழுங்காகக் கிளம்பும். அதுவும் விட்டு விட்டு வந்த கோளாறுதான். அந்த சுவிட்சில் பிரச்சினை இருப்பது 2001-லேயே சோதனைக் காலத்தில் தென்பட்டிருந்தது. உள்ளுக்குள் அதைப் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்காமல் வாடிக்கையாளரின் வசதி சார்ந்த விஷயமாகப் பல வருடம் வைத்திருந்தார்கள் என்று பிறகு நிறுவனமே நடத்திய விசாரணையின் அறிக்கை சொன்னது. நடுவில் 2006 வாக்கில் சுவிட்சின் வடிவமைப்பை மாற்றியபோது பாகத்தின் எண்ணை மாற்றவில்லை, அதனால் பழைய சுவிட்ச் எது புதியது எது என்று பின்னால் ஆராய்ந்தவர்களுக்கே குழப்பம் ஏற்பட்டது. கடைசியில் நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்கான கோரிக்கைகளை ஏற்றுக்கொண்டது. 124 பேர். தங்கள் கார் ஒருமுறை அணைந்து மறுபடி கிளம்பியதும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பியவர்கள் அவர்களில் எத்தனை பேரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

சரியாகச் செய்த உதாரணமும் இருக்கிறது. 2010 பிப்ரவரியில் டொயோட்டா, பிரியஸ் முதலான ஹைபிரிட் கார்கள் சுமார் 4,37,000-ஐ உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தது. மேடுபள்ளமான அல்லது வழுக்கலான இடத்தில் ஏபிஎஸ் வேலை செய்யும்போது, மின்மோட்டார் பிரேக்கிலிருந்து ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறும் கணத்தில் பிரேக் பிடிப்பு ஒரு நொடிக்கும் குறைவாகத் தளர்வதாக ஓட்டுநர்கள் புகார் செய்திருந்தார்கள். ஆரம்பத்தில் அது ஓட்டுநரின் உணர்வு சார்ந்தது என்கிற மாதிரிதான் விளக்கம் வந்தது. ஆனால் ரீகால் என்று முடிவெடுத்தபிறகு, உன் கார் தளர்வதை எனக்குக் காட்டு என்று யாரிடமும் கேட்கவில்லை. ஏபிஎஸ் மென்பொருளில்தான் குறை என்பதால் அதை எல்லாக் கார்களிலும் மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் பிஎம்டபிள்யூ, வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திய பிரேக் அமைப்பில் குறை இருப்பதாகச் சொல்லி 15 லட்சம் கார்களைப் பற்றி அறிவித்தபோது, இன்னும் வாடிக்கையாளர் கைக்குப் போகாத கார்களை ஒப்படைப்பதையே நிறுத்திவைத்தது. விற்காத காரை நிறுத்திவைக்கிற அளவுக்கு ஒரு சந்தேகம் பெரியது என்றால், விற்ற காரில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது சின்னதாகிவிட முடியாது.

உங்கள் கடிதப்படியே என் வண்டியில் இருப்பது மென்பொருள் கோளாறு இல்லை. மின் இணைப்பு விட்டுப்போகிறது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். விட்டுப்போன இணைப்பை மென்பொருள் எப்படி ஒட்டும்? புது மென்பொருள் என்ன செய்கிறது என்று மூன்று தடவை மின்னஞ்சலில் கேட்டேன். "கோளாறைக் கண்டறியும் திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. கண்டறிவது நல்லதுதான், முன்கூட்டியே கண்டறிந்து விளக்கு எரிந்தால் இன்னும் நல்லது. ஆனால் பதினோராவது நாள் எனக்கு விளக்கும் இறுகலும் ஒரே கணத்தில்தான் வந்தன.

அந்த நாளைப் பற்றி நீளமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னால், குழந்தைகள் ரோட்டைக் கடக்கிற இடம். மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தேன், 30-க்குள். பெடல் இறுகியதும் இந்தத் தடவை காலை எடுக்கவில்லை, பழகிவிட்டது, அப்படியே முழு பலத்தோடு மிதித்தேன், வண்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு சின்னப் பெண் நின்று வண்டியைப் பார்த்துவிட்டுப் போனாள். பின்னாலிருந்து அக்கா பையன் "மறுபடியும் அதுவா மாமா?" என்று கேட்டான். எட்டு வயதுப் பையனுக்கு "அது" என்ன என்று தெரிந்திருக்கிறது.

இந்தத் தடவை முன்பக்கக் கேமராவும், டேஷ்போர்டைப் பார்த்த மாதிரி ஒரு போனும் வைத்திருந்தேன். விளக்குகள் எரிவதும், நான் இரண்டு காலால் மிதிப்பதும், மறுபடி ஸ்டார்ட் செய்ததும் எல்லாம் அணைவதும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அதை உங்களுக்கு அனுப்பினேன். வீடியோவை ஆதாரமாக ஏற்க நிறுவன விதிமுறையில் இடமில்லை, வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது. கொண்டுபோனால் மறுபடி ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் நாலு கிலோமீட்டர் ஓட்டி, தென்படவில்லை என்று எழுதுவீர்கள்.

என்னைப் போன்ற மற்ற உரிமையாளர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் உங்களுக்கும் கொஞ்சம். பெடல் இறுகினால் காலை எடுக்காதீர்கள், பெடலை அடித்து அடித்துப் பார்க்காதீர்கள், ஒரே அழுத்தாக முழு பலத்தையும் போடுங்கள், கியரைக் குறையுங்கள். மின்சார பார்க்கிங் பிரேக் உள்ள பல கார்களில் அந்த சுவிட்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓடுகிற வண்டியும் நிதானமாக நிற்கும், உங்கள் வண்டிக் கையேட்டில் அந்தப் பக்கத்தை இன்றைக்கே படித்துவையுங்கள். வண்டியின் கோளாறுக் கோடுகளைப் படிக்க உதவும் ஓபிடி பிளக்கில் மாட்டுகிற சின்னக் கருவி வாங்கி, கோடு இல்லை என்று வந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மலிவான கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் அலகோடு மட்டும்தான் பேசும், பிரேக் அலகை எட்டிப் பார்க்காது. நானும் இரண்டு மாதம் அதை நம்பி ஏமாந்தேன். ஏபிஎஸ் அலகையும் மற்ற அலகுகளையும் படிக்கிற கருவி வேண்டும், அதுவும் வண்டியை அணைத்து ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே, ஓரமாக நிறுத்திய கையோடு படிக்க முடிந்தால் நல்லது. ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்: எத்தனை நிமிடம் ஓடியபிறகு, என்ன வேகத்தில், எந்த விளக்கு, எவ்வளவு நேரம். எழுத மறுத்தால் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டு நகலைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் கைவைப்பதற்கு முன்னால் பழைய பதிவுகளைக் கேளுங்கள். அப்புறம், உங்கள் நாட்டில் வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கிற அரசு அமைப்புக்கு ஒரு புகார் அனுப்புங்கள், சர்வீஸ் சென்டருக்குச் சொன்னதே போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருவர் ஒருவராகத் தனித்தனியாகச் சொன்னால் அது ஒருவருடைய காலின் உணர்வாகத்தான் எடுத்துக்கொள்ளப்படுகிறது, ஒரே இடத்தில் நூறு பேர் சொன்னதைப் பார்த்தபிறகுதான் அது கோளாறு ஆகிறது.

மறுபடி உங்களிடம் வருகிறேன். என் வண்டி உங்கள் கணக்கில் "ரீகால் முடிந்தது" என்று இருக்கிறது. நீங்கள் அரசாங்கத்துக்கு அனுப்புகிற அறிக்கையில் இத்தனை வண்டிகள் சரிசெய்யப்பட்டன என்று ஒரு எண் இருக்குமே, அதில் என் வண்டியும் ஒன்று. அந்த எண்ணுக்குள் என்னைப் போல இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நீங்கள் மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும், ஏனென்றால் பூஸ்டர் மாற்றிய வண்டி எத்தனை, மென்பொருளோடு திருப்பி அனுப்பிய வண்டி எத்தனை என்ற கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது. அந்த இரண்டு எண்களையும் தனித்தனியாக வெளியிடுங்கள். மென்பொருளோடு திரும்பிய வண்டிகளின் ரீகாலை மறுபடி திறங்கள். அந்த வரிசையில் வந்த எல்லா வண்டிக்கும், கோளாறு தென்பட்டாலும் படாவிட்டாலும், பூஸ்டரை மாற்றுங்கள். புது பூஸ்டரில் அந்த இணைப்பின் வடிவமைப்பு மாறியிருந்தால் பாகத்தின் எண்ணையும் மாற்றி, எங்கள் ரசீதில் எழுதுங்கள், எந்த வண்டியில் எது இருக்கிறது என்று நாளைக்கு யாரும் தேடி அலைய வேண்டாம்.

எல்லாவற்றையும் மாற்ற ஒரே நாளில் பாகம் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். பாகம் வரும்வரை பொறுமையாக இருக்க நான் தயார், ஆனால் அதுவரை இந்த வண்டியை ஓட்டுங்கள் என்று சொல்லாதீர்கள். ஏற்கெனவே இறுகியதாகச் சொன்னவர்களுக்கு முதலில் மாற்றுங்கள், காத்திருக்கிற காலத்துக்கு மாற்று வண்டி கொடுங்கள். என் வண்டியிலிருந்து கழற்றுகிற பூஸ்டரைக் குப்பையில் போடாதீர்கள். அதைச் சூடாக்கி, குலுக்கி, திறந்து பாருங்கள். அந்த விரிசலையோ பச்சை பிடித்த பின்னையோ உங்கள் பொறியாளர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை, என் வார்த்தையை நிரூபிக்க மட்டும் இல்லை, அடுத்த மாடலில் அது வரக்கூடாது என்பதற்காகவும்தான்.

பள்ளிக்கூடத்து முன்னால் நடந்த அன்றிலிருந்து வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கிறது. சேஸிஸ் நம்பரும் இரண்டு ஜாப் கார்டு நகல்களும் வீடியோவும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நீங்கள் மறுபடி பரிசோதிக்க விரும்பினால் எனக்குச் சம்மதம்தான். ஆனால் சர்வீஸ் சென்டர் வரைக்கும் நான் அதை ஓட்டிக்கொண்டு வரமாட்டேன், உங்கள் ஆள் ஓட்டிப்போகவும் சாவி தரமாட்டேன். ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டியை அனுப்புங்கள்.